ஒரே ஒரு நெஞ்சில் படித்த டாக்டர்கள்

பெங்களூரில் உங்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு இளம் டாக்டர் யாராவது கண்ணை மூடிக்கொண்டால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் எங்கள் கல்லூரியில் படித்தவராக இருந்தால், அந்த நேரத்தில் அவர் காதுக்குள் ஓடுவது மர்மர் அண்ணாவின் இதயம். உலகத்தில் எத்தனை கோடி இதயங்கள் துடித்தாலும் எங்கள் பேட்ச்சுக்குப் பாடமாக வாய்த்தது அந்த ஒன்றுதான்.

கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்பார்கள். கட்டடம் பிரமாதமாக இருக்கும். லிஃப்டில் வீணை இசை. வார்டில் வரிசையாகக் கட்டில்கள், கட்டில் மேல் இஸ்திரி போட்ட விரிப்புகள், விரிப்புகள் மேல் புறாக்கள். நோயாளிகள்தான் கிடையாது. ஊருக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்கி, யூகலிப்டஸ் தோப்பு வழியாக அரைமணி நேரம் நடக்க வேண்டும். அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பிருக்கிறவனுக்கு ஆஸ்பத்திரி எதற்கு? தப்பித்தவறி வருகிறவர்களும் ஒரே ரகம். பக்கத்து கிரானைட் பட்டறையில் விரல் நசுங்கினவர்கள், மழைக்காலத்தில் சளி பிடித்தவர்கள். மூன்று வருடத்தில் நாற்பது விரலும் ஒரு மஞ்சள் காமாலையும் பார்த்ததாக ஒரு சீனியர் பெருமையடித்துக்கொள்வார். விசாரித்தால் அந்த மஞ்சள் காமாலை எங்கள் வாட்ச்மேன்.

இன்ஸ்பெக்‌ஷன் நாளில் மட்டும் வார்டு நிரம்பும். காலையிலேயே வேன் ஊருக்குள்ளே நீலசந்திராவுக்குப் போகும். அங்கிருந்து ஆண்களும் பெண்களும் டிபன் பாக்ஸோடு வந்து இறங்கி, ஆளுக்கொரு கட்டிலில் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். ஒரு முறை ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு பெரியவரிடம் குனிந்து, "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்.

"ஏசிதாங்க சார். ஸ்வல்ப கம்மி பண்ணச் சொல்லுங்க."

அப்படி ஒரு வேனில் வந்தவர்தான் மர்மர் அண்ணா. எங்கள் மெடிசின் புரொபசர் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு போலி நோயாளியின் நெஞ்சிலும் ஸ்டெத்தை வைத்துக்கொண்டே போனவர், பதினாலாம் கட்டிலில் நின்றுவிட்டார். மறுபடி வைத்துக் கேட்டார். உட்கார வைத்துக் கேட்டார். பொய் நோயாளியாக வந்தவர் நிஜ நோயாளியாக மாட்டிக்கொண்டார்.

சிவாஜிநகர் ஜவுளிக் கிடங்குகளில் துணிப் பொதி தூக்குகிற வேலை அவருக்கு. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது பீடியால் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. சரியாக மூடாத வால்வு வழியாக ரத்தம் பின்பக்கம் ஒழுகும். 'லப்', 'டப்' இரண்டுக்கும் நடுவில் குழாய் லீக் ஆவது மாதிரி 'உஸ்ஸ்' என்று கேட்கும். இந்த உஸ்ஸுக்குத்தான் மர்மர் என்று பெயர். அவருடையது சாதாரண உஸ் இல்லை. ஸ்டெத் இல்லாமல் காதை வைத்தாலே கேட்கும் என்று ஹாஸ்டலில் பேச்சு.

கல்லூரி அவரை விடவில்லை. மூன்று வேளை சாப்பாடு, ஜன்னலோரக் கட்டில், செய்யவேண்டிய ஒரே வேலை மூச்சு விடுவது. வருடத்தில் முக்கால்வாசி நாள் எங்களோடுதான் இருந்தார்.

அவரிடம் கேட்கப் போவதற்கு விதிமுறைகள் உண்டு. ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணியிருக்க வேண்டும். "ஐஸ் கட்டி வெக்கிறவன்லாம் டாக்டரா? அவன் மீன் விக்கலாம்" என்பார். கேட்கும்போது பேசக்கூடாது. தப்பான இடத்தில் வைத்தால் கத்துவார்.

"இன்னா கண்ணு, அங்க வெச்சா என் பசி சத்தம்தான் கேக்கும். எறக்கு. இன்னும் எறக்கு. ஆங், இப்ப கேளு! அப்டியே அக்குள் பக்கம் போ. போவுதா சத்தம்?"

"போகுது அண்ணா."

"பேன்சிஸ்டாலிக் மர்மர், ரேடியேட்டிங் டு த ஆக்ஸில்லா. எழுதிக்கோ."

நான்காம் வகுப்போடு நின்றவர் அவர். தன் நெஞ்சைப் பற்றி மட்டும் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் தடங்கலில்லாமல் பேசுவார். கடைசியில் "தேங்க் யூ சார்" என்றும் சேர்த்துக்கொள்வார். அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்து ஒப்பித்த மாணவர்கள் இருக்கிறார்கள்.

பரீட்சை நாளில் அவர் ராஜா. முந்தின நாளே சலூனுக்குப் போய் நெஞ்சு முடியை மழித்துக்கொண்டு வருவார். வெளியூர் எக்ஸாமினர் கேள்வி கேட்டு மாணவன் முழித்தால் இருமுவார். ஒரு இருமல் என்றால் இடது பக்கம், இரண்டு என்றால் வலது. ஒரு எக்ஸாமினர் அவர்மேல் பரிதாபப்பட்டு இருமல் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு நோயாளி கிடைக்காததால் அவரையே மற்றப் பாடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். திங்கள் இதயம், செவ்வாய் வயிறு, புதன் பக்கவாதம். பக்கவாதத்துக்குக் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டுவார். ஒரு புதன்கிழமை காலையில் வலது காலை இழுத்தவர், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து இடது காலை இழுத்தார்.

"அண்ணா, காலையில வேற கால் ஆச்சே?" என்றேன்.

"இது அட்வான்ஸ் ஸ்டேஜ்மா" என்றார், முகத்தை மாற்றாமல்.

நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. பக்கவாதம் என்றால் என்ன என்று அந்தக் கல்லூரியில் எனக்குக் காட்டிய ஒரே ஆள் பக்கவாதமே இல்லாத மர்மர் அண்ணாதான்.

புரொபசர் கன்னடக்காரர். சிரிக்கத் தெரியாதவர். மாதம் ஒரு முறை பதினாலாம் கட்டில் முன்னால் நின்று, "ஏனப்பா, ஆபரேஷன் யாவாக?" என்று கேட்பார். எப்போது என்று.

"பரீக்ஷெ முகீலி சார்" என்பார் மர்மர் அண்ணா. பரீட்சை முடியட்டும் என்று. பரீட்சை முடிந்தால் இன்ஸ்பெக்‌ஷன் வரும். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் அடுத்த பேட்ச்சின் பரீட்சை. ஆபீஸில் போய்க் கேட்ட புரொபசருக்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஒரு நாள் நானே அவரிடம் கேட்டேன்.

"வால்வை மாத்துனா சத்தம் போய்டும்ல?" என்றார்.

"போகத்தானே அண்ணா மாத்துறது?"

"அப்புறம் இந்தப் புள்ளைங்க எதைக் கேக்கும்?"

அதற்கும் சிரித்தேன். நல்ல ஜோக் என்று ஹாஸ்டலில் போய்ச் சொல்லவும் செய்தேன்.

கடைசி வருடத்தில் அவருக்கு ஒரு போட்டி வந்தது. பதினைந்தாம் கட்டிலில், பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. ஒல்லியான பெண். அவளுக்கும் வால்வு நோய்தான், ஆனால் நேர் எதிர்வகை. ஒழுகுகிற வால்வு இல்லை, சுருங்கிப்போன வால்வு. புரொபசர் எங்களை எல்லாம் கூப்பிட்டு, "இது இங்கே கிடைக்காத சந்தர்ப்பம். ஒவ்வொருத்தரும் கேளுங்க. கேட்கும்வரைக்கும் கேளுங்க" என்றார். அந்தச் சத்தம் உஸ் என்று வராது. தூரத்தில் லாரி போவதுபோல அடியில் உருளும். நோயாளியை இடதுபக்கம் ஒருக்களிக்கப் படுக்கவைத்து, மூச்சை அடக்கச் சொல்லிப் பொறுமையாகத் தேட வேண்டும்.

நான் தேடினேன். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் இரண்டு நாளாக யாரும் எட்டிப் பார்க்காமல் மர்மர் அண்ணா உர்ரென்று உட்கார்ந்திருந்தார்.

"அங்க ஒண்ணும் கேக்காது கண்ணு, ஊமை நெஞ்சு. அடுத்த மாசம் எக்ஸாமுக்கு வரப்போறது அவங்களா, நானா? சும்னே ஏன் டைம் வேஸ்ட் பண்ற? இங்க வா."

போனேன். உள்ளங்கையில் ஸ்டெத்தைத் தேய்த்துக்கொண்டே போனேன். மறுநாள் அந்தப் பெண்ணை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். பரீட்சைக்கு மர்மர் அண்ணாதான் வந்தார். அவர் இருமாமலே முதல் மார்க் வாங்கினேன். "நூத்துக்கு நூறு நமக்கு" என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

படிப்பு முடிந்ததும் நீலசந்திராவில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்தேன். மர்மர் அண்ணாவின் வீடு அங்கிருந்து இரண்டு தெரு. கல்லூரிக்கு லீவு விட்டால் வீட்டில் இருப்பார். இருந்தால் என் நர்சிங் ஹோம் பெஞ்சில் இருப்பார். என்னை 'கண்ணு, நீ' என்றவர் ஒரே நாளில் 'டாக்டரம்மா, நீங்க'வுக்கு மாறிவிட்டார். வருகிறவர்களிடம் எல்லாம், "நம்ம கிட்ட படிச்ச டாக்டரு. ஹார்ட்டுன்னா அத்துப்படி" என்று அறிவிப்பு. கால் ஆணிக்கு வந்த ஒரு ஆட்டோக்காரரை வற்புறுத்தி இதயப் பரிசோதனை செய்ய வைத்தார்.

ஒரு மாலை செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு மருமகள், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண். முதல் பிரசவம், ஏழாம் மாதம். மூச்சு வாங்குகிறது, இருமல்.

"பயப்படாத செல்வி. இவங்க கையில காட்டிட்டா கவலையே இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். ஸ்டெத்தைச் சூடு பண்ணினேன், கண்ணை மூடினேன், எனக்குத் தெரிந்த உஸ்ஸை எல்லா இடத்திலும் தேடினேன். உஸ் இல்லை. நுரையீரலில் மட்டும் லேசாக ஒரு விசில்.

"ஹார்ட் நல்லா இருக்கு. வீசிங்தான்" என்றேன்.

"படுத்தா மூச்சு முட்டுது டாக்டர். உக்காந்துகினே தூங்குறேன்."

"மாசமா இருக்கும்போது அப்படித்தான் இருக்கும். ரெண்டு தலகாணி வெச்சுக்கோங்க."

மூச்சுக்குழாய் விரிய ஆவி மருந்து கொடுத்து அனுப்பினேன். அந்த மருந்து இதயத்தை இன்னும் வேகமாக ஓடவைக்கும். சுருங்கிய வால்வு உள்ள இதயம் வேகமாக ஓடினால் நுரையீரலில் நீர் கட்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலையில் வாயில் நுரை தள்ள, ஆட்டோவில் வைத்து அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செல்வி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை.

நான் போய்ப் பார்த்தேன். அவளுக்குச் சுருங்கிய வால்வு என்று முதலில் கண்டுபிடித்தது ஒரு ஹவுஸ் சர்ஜன். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். எப்படிக் கேட்டது என்று அவனிடமே கேட்டேன்.

"மேடம், எங்க வார்டுல தரையிலகூட பேஷன்ட் படுத்திருப்பாங்க. இந்த மாதிரி அடிக்கடி வரும். மொதல் தடவை நானும் விட்டுட்டேன், சீனியர் புடிச்சாரு. அப்புறம் காது பழகிடுச்சு" என்றான். பெருமையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த தரைக்குப் போய்விட்டான்.

நான்கு நாள் மர்மர் அண்ணா வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவர் பெஞ்சில் இருந்தவர்கள் யாரிடமும் பேசாமல் நேராக உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"செல்வி வூட்டுக்கு வந்துட்டா" என்றார்.

"தெரியும் அண்ணா."

"தொட்டில் மாட்ட மேல கொக்கி அடிச்சு வெச்சிருந்தாங்க. மாமனாரு நேத்து அதப் புடுங்கிட்டாரு."

அவருக்கு மூச்சு இரைத்தது.

"தப்பு என்னுதுமா. அன்னிக்கு அந்தப் பதினஞ்சாம் கட்டில் பொம்பள கிட்ட நின்னுருந்த உன்னை கூப்ட்டது நானு."

"கூப்பிட்டீங்க. வந்தது நான்தானே?"

எழுந்தார். "வியாழக்கிழமை லீவு போடு" என்றார். 'நீங்க' போய் 'நீ' திரும்பி வந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

வியாழன் என்றால் அரசு ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கான நாள். வரிசை கேட் வரைக்கும் நிற்கும். அங்கே இருந்த பெரிய டாக்டரிடம் நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "பேஷன்ட் சம்மதிச்சா கேட்டுக்கோங்க, எனக்கென்ன" என்றார். சம்மதம் வாங்கும் வேலையை மர்மர் அண்ணா எடுத்துக்கொண்டார். வரிசையின் தலையிலிருந்து வால்வரைக்கும் குரல் கொடுத்தார்.

"அம்மா, அய்யா, ஒரே நிமிஷம்! ஊசி கிடையாது, மருந்து கிடையாது. இந்தப் பொண்ணு ஸ்டெத் வெச்சுக் கேக்கும், அவ்ளோதான். படிச்ச காலேஜுல பேஷன்ட்டே இல்ல, பாவம். ஒரு தடவை தப்பாவும் சொல்லிடுச்சு!"

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. ஆனால் ஆஸ்டின் டவுனிலிருந்து வந்த ஒரு பூக்கார அம்மா, "அய்யோ, கேட்டுக்கட்டும். வாம்மா" என்று முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர் சரி என்றார்.

வியாழன் வியாழனாகப் போனோம். குண்டு நெஞ்சு, ஒட்டிப்போன நெஞ்சு, குழந்தை நெஞ்சு. ஒரே வியாதி இரண்டு பேரிடம் இரண்டு விதமாகக் கேட்டது. சிலரிடம் புத்தகத்தில் இல்லாத விதமாகக் கேட்டது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சத்தம் நெஞ்சைவிடக் கழுத்தில் நன்றாகக் கேட்டது. மர்மர் அண்ணாவின் மர்மர் மாதிரி யாருடையதும் இல்லை. உண்மையில் அப்படி எடுத்த எடுப்பில் காதில் விழுகிற மர்மரே அபூர்வம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எத்தனையோ வியாழன் கழித்து, காய்கறி விற்கிற ஒரு பெண்ணை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லித் தேடிக்கொண்டிருந்தேன். அடியில், மிக அடியில், லாரி உருண்டது. நான் அசையாமல் குனிந்தபடியே இருந்தேன். செல்வியின் நெஞ்சிலும் இது இருந்திருக்கிறது. நான் ஸ்டெத்தை வைத்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி.

"கேட்டுச்சா?" என்றார் மர்மர் அண்ணா.

"கேட்டுச்சு."

"என்னுத வுட நல்லாக்குதா?"

"இல்லண்ணா. சின்ன சத்தம்."

"ஆங்" என்றார் திருப்தியாக. சொல்லிவிட்டு, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய பாதங்களைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து, ரொட்டி மாவு மாதிரி வீங்கியிருந்தன. அத்தனை வியாழனும் ஊரார் நெஞ்சை எல்லாம் கேட்ட நான் கூட வந்தவரின் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஹார்ட் பை மாதிரி தளர்ந்து போயிடுச்சு. இனி ஆபரேஷன் தாங்காது. அஞ்சாறு வருஷம் முன்னால வந்திருந்தா மாத்தியிருக்கலாம். இத்தனை நாள் இவர் என்ன பண்ணிட்டிருந்தார்?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் பேட்ச் முழுக்க மாற்றி மாற்றிக் கேட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேட்ச்சும் பின்னால் இரண்டு பேட்ச்சும் கேட்டன. ஸ்டெத்தை எங்கே வைக்க வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அவரை ஆபரேஷனுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று ஒருவருக்கும், எனக்கும், தோன்றவில்லை.

மழைக்காலத்தில் அவரை அதே அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிஜமான வார்டு, நிஜமான கூட்டம். செய்தி பரவி, அவர் நெஞ்சைக் கேட்க அங்கே படிக்கிற மாணவர்கள் சாரி சாரியாக வந்தார்கள். அவருக்குப் பேச மூச்சில்லை. வெள்ளைக் கோட்டு எது கடந்தாலும் தானாகவே சட்டைப் பொத்தானைக் கழற்றினார். மருந்துக் கடைக்காரர் கடந்தபோதும் கழற்றினார்.

ஒரு பிற்பகல் நான் போனபோது கண்ணை மூடியிருந்தார். காலடி கேட்டதும் விரல்கள் பொத்தானைத் தேடின. மேல் பொத்தானைக் கழற்றியும்விட்டன.

"கேளு கண்ணு. இப்ப சத்தம் கொஞ்சம் மாறிருக்கும். கேட்டு வெச்சுக்கோ."

கழுத்திலிருந்த ஸ்டெத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். அவருடைய பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"கேக்க வரலண்ணா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

கண்ணைத் திறந்து என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

மெதுவாக, மூச்சுப் பிடித்துச் சுவரோரம் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார்.